பத்திரம், பட்டா, வில்லங்கம்: நிலத் தாள்களைப் படிக்கும் முறை

"பட்டா இருக்குங்க, அப்புறம் என்ன பயம்?" மனை விற்க வருபவர் இப்படிச் சொன்னதும் பலருக்கு மனம் இறங்கிவிடுகிறது. அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறிவிடும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குகிற ஐந்து சென்ட்டுக்கு, அந்தத் தாளில் எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்று கேட்காமலே பணம் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறைகள். வேறு மாநிலங்களில் சொற்களும் அலுவலகங்களும் மாறும்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். நம் நிலத்தின் கதை இரண்டு துறைகளிடம் பாதி பாதியாகக் கிடக்கிறது. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத் துறையுடையவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைப்பவை. பட்டா, அடங்கல், அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையும் பரப்பும் பட்டாதாரர் பெயரும் உள்ள கிராம ஏடு), புலப்படம் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் வரைபடம்) ஆகியவை வருவாய்த் துறையும் நில அளவைத் துறையும் வைத்திருப்பவை. தாலுகா அலுவலகத்தையும் கிராம நிர்வாக அலுவலரையும் சார்ந்தவை. ஒரு துறையின் ஏட்டில் மாறியது மறு துறையின் ஏட்டில் மாறாமலே பல ஆண்டுகள் கிடக்கலாம். நிலத் தகராறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

உரிமை எதனால் கைமாறுகிறது? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே விற்க முடியும். ஆகவே கிரயப் பத்திரம்தான் உரிமையை மாற்றும் ஆவணம். பட்டா என்பது, இந்த நிலத்துக்குத் தீர்வை கட்ட வேண்டியவர் இவர் என்று வருவாய்த் துறை தன் கணக்கில் எழுதி வைத்திருக்கும் பதிவு. பட்டாவை மட்டும் வைத்து ஒருவரை உரிமையாளர் என்று சொல்லிவிட முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

அதற்காகப் பட்டாவை அலட்சியம் செய்துவிடக் கூடாது. பயிர்க்கடன், வங்கி அடமானம், கட்டட அனுமதி, அரசு நிலம் எடுக்கும்போது இழப்பீடு என்று எல்லா இடத்திலும் முதலில் கேட்பது பட்டாவைத்தான். நிலமற்றோருக்கு அரசே இடம் ஒதுக்கித் தரும் ஒப்படைப்புப் பட்டாவின் கதையே வேறு. அங்கே பட்டாதான் மூல ஆவணம். இத்தனை ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, இன்ன பிரிவினருக்குத்தான் விற்கலாம் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அந்த நிபந்தனைப் பக்கத்தைக் காட்டாமல் முகப்பை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

பட்டாவோடு சேர்த்துச் சொல்லப்படும் சிட்டா என்பது ஒரு கிராமத்தில் யாருக்கு எந்தெந்த எண்ணில் நிலம் இருக்கிறது என்ற கணக்கு. இப்போது இணையத்தில் எடுத்தால் இரண்டும் ஒரே தாளாக வந்துவிடுகின்றன. அடங்கல் அந்த நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு. அதில் ஆண்டு, பசலி என்னும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்; பசலி 1434 என்பது 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை.

பட்டாவில் பலர் தடுமாறும் இடம் பரப்பு. "0 - 12.50" என்று இருப்பதைப் பார்த்துப் பன்னிரண்டரை சென்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். எனவே அந்த நிலம் ஏறத்தாழ 30.9 சென்ட். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்திரத்தில் 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. அதே மனைக்குப் பட்டாவில் "0 - 02.00" என்று இருந்தால் 200 சதுர மீட்டர், சுமார் 2,153 சதுர அடி. இந்த இருபத்தைந்து சதுர அடி வித்தியாசம் பெரும்பாலும் அளவை மாற்றி முழு எண்ணாக்கியதால் வருவது. ஆனால் பத்திரத்தில் 5 சென்ட், பட்டாவில் 1.60 ஏர் என்று இருந்தால் ஒரு சென்ட்டுக்கு மேல் காணவில்லை. அது பக்கத்து உட்பிரிவில் சேர்ந்திருக்கலாம், பாதையில் போயிருக்கலாம். புலப்படத்தை வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டெல்டாப் பக்கம் இன்னும் மா, வேலி என்றுதான் பேசுவார்கள்: ஒரு மா சுமார் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. குழி என்ற அளவு ஊருக்கு ஊர் மாறும், அதை நம்பி விலை பேச வேண்டாம். சென்னையில் கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி.

பழைய பட்டாக்களில் பெயர்ப் பிழை அதிகம். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1979 முதல் எண்பதுகளின் பிற்பகுதி வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. ஊரில் இன்றும் யூ.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். அப்போது ஊரில் இருந்த அண்ணன் பெயரில் கூட்டுக் குடும்ப நிலம் முழுவதும் ஏறிவிட்டதும், பம்பாயில் வேலை பார்த்த தம்பியின் பெயர் விடுபட்டதும் சாதாரணமாக நடந்தவை. அண்ணன் பிள்ளைகள் அந்தப் பட்டாவைக் காட்டி இன்று விற்க வருவார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றுகூட இல்லை. அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். யூ.டி.ஆருக்கு முந்தைய பழைய அ-பதிவேட்டு நகலைப் பார்த்தால் விடுபட்டவர் பெயர் தெரிந்துவிடும்.

இனி வில்லங்கச் சான்று, பேச்சு வழக்கில் ஈ.சி. ஒரு சர்வே எண்ணில் குறிப்பிட்ட காலத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல் அது. 1975 முதலான விவரங்களைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். அதற்கு முந்தையவை இணையத்தில் கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பதிவான கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை விட்டுக் கொடுக்கும் பத்திரம்) எல்லாம் அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. நிலத்தில் குடியிருப்பவரின் அனுபவ உரிமை வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு, பதிவாளருக்குத் தெரிவிக்கப்படாவிட்டால் வராது. "ஈ.சி. சுத்தம்" என்றால் பதிவேட்டில் ஒன்றுமில்லை என்பது மட்டுமே பொருள். தேடும்போது இப்போதைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுக்கக் கூடாது. 45/2அ1 என்பது ஒரு காலத்தில் 45/2 ஆக இருந்திருக்கும்; அந்தத் தாய் எண்ணிலும் தேட வேண்டும். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்திருந்தால் அங்கும் போய்த் தேட வேண்டும்.

பதிவாகிவிட்டால் அரசே உரிமைக்கு உறுதி சொன்னதாகிவிடும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆராய வேண்டியவர் வாங்குபவர்தான்.

அந்த ஆராய்ச்சிக்கு வேண்டியது தாய்ப்பத்திரம். விற்பவருக்கு நிலம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகும் ஆவணச் சங்கிலி அது. குறைந்தது முப்பது ஆண்டுகளுக்காவது பின்னால் போவது வழக்கறிஞர்களின் வழக்கம். பழைய பத்திரங்களின் மொழி மிரட்டும், பழகினால் எளிது. "தான விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்றால், தானம் கொடுக்கவும் பரிவர்த்தனை செய்யவும் விற்கவும் முழு உரிமையோடு, மகன் பேரன் என்று வழிவழியாக வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பதில் "தன் ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு" என்று இருந்தால், அவருக்குக் கிடைத்தது ஆயுட்கால அனுபவ உரிமை மட்டுமாக இருக்கலாம். அவரால் விற்க முடியாமல் போகலாம். சக்குபந்தி என்பது நான்கெல்லை. 'ஷை' என்றால் மேற்படி. "மாமூல் வழிநடை பாத்தியம்" என்று எழுதியிருந்தால் அந்த நிலத்தின் வழியே நடக்கவோ வண்டி ஓட்டவோ யாருக்கோ உரிமை இருக்கிறது. அது உங்களுக்குச் சாதகமா, உங்கள் நிலத்துக்குள்ளேயே ஓடும் பாதையா என்று பார்க்க வேண்டும். போக்கியம், தென் மாவட்டங்களில் ஒத்தி, என்றால் பணத்துக்கு ஈடாக அனுபவத்தை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது மீட்கப்பட்டதா என்று கேளுங்கள்.

சங்கிலியில் அடிக்கடி அறுந்திருக்கும் கண்ணி பெண்களின் கையெழுத்து. இந்துக் குடும்பங்களில், தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்த நிலத்தில் அவர் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனோடு சம பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு கிடைக்கும்படி 1989-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் பிறப்பாலேயே உரிமை என்றது. 2005-இல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையை மட்டும் அது தொடாது. "சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அக்காவுக்கு இனி என்ன?" என்று அண்ணன் தம்பிகள் விற்க வந்தால், அக்கா பதிவு செய்து கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும். உங்கள் பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த அக்காவுக்குச் சேர வேண்டியது அவருக்குத் தெரியாமலே போய்விடக் கூடாது. வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று காட்டும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லாது.

பவர் என்னும் பொது அதிகார ஆவணம், ஒருவர் சார்பில் இன்னொருவர் செயல்படுவதற்கு. அதுவே விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் முடிந்துவிடும். பவர் ஏஜென்டிடம் வாங்குவதானால், எழுதிக்கொடுத்தவரை நேரில் ஒருமுறை பாருங்கள்.

நிலத்தின் வகையும் முக்கியம். புறம்போக்கு அரசுடையது, நீர்நிலை, மேய்க்கால், வண்டிப்பாதை என்று அதில் பல உண்டு. ஏரிப் புறம்போக்கில் நாற்பது ஆண்டு குடியிருந்தவர்களும் வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். நத்தம் என்பது ஊர்க் குடியிருப்பு நிலம், அது புறம்போக்கோடு சேர்த்தி இல்லை. அனாதீனம் என்று அ-பதிவேட்டில் இருந்தால் அரசு தன் நிலமாகக் கருதுகிறது என்று பொருள். பஞ்சமி நிலம் 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அவர்களுக்கு வெளியே எழுதிய கிரயம் செல்லாது. விலை மலிவாக இருக்கிறதே என்று அதை வாங்குவது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. மனைப் பிரிவாக இருந்தால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண்ணைக் கேளுங்கள். பஞ்சாயத்து அப்ரூவல் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அனுமதியில்லாத மனைகளுக்கான 2017-ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான பிரிவுகளுக்கானது.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வழிகாட்டி மதிப்பு என்பது அரசு தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் வைத்த குறைந்தபட்ச மதிப்பு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்.

பத்திரம் பதிந்த கையோடு பட்டா மாற்றத்தைக் கவனியுங்கள். முழு உட்பிரிவையும் வாங்கியிருந்தால் அளக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியை வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து புதிய உட்பிரிவு எண் தர வேண்டும். இங்கே சோம்பி விட்டுவிடுகிறார்கள், பத்து வருடம் கழித்துப் பழைய பட்டாதாரரின் மகன் அதே பட்டாவோடு வங்கிக்குப் போகிறான். மனு நிராகரிக்கப்பட்டால் 1983-ஆம் ஆண்டு பட்டாப் புத்தகச் சட்டப்படி வட்டாட்சியரின் உத்தரவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உரிமையே யாருடையது என்ற சண்டையாக இருந்தால் வருவாய் அலுவலகத்தில் நடந்து காலத்தைக் கழிக்காமல் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.