பாதி எழும்பிய கட்டை

ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு எழுதிய 'லா கம்பனெல்லா'வில் ஓரிடம் வரும். மேல் ஸ்தாயியில் ஒரே சுரம், சின்ன மணி குலுங்குவதுபோல, விடாமல் படபடவென்று ஒலிக்கும். வாசிப்பவரின் கையைப் பார்த்தால் ஒரே கட்டையின் மேல் மூன்று நான்கு விரல்கள் மாறி மாறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை எப்போது கேட்டாலும் எனக்கு விரல்களோடு சேர்த்து, பெட்டிக்குள் கண்ணில் படாமல் கிடக்கும் ஒரு சிறு நெம்புகோலும் நினைவுக்கு வரும். அது இல்லாவிட்டால் விரல் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

பியானோவின் உள்ளே என்ன நடக்கிறது? கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனை ஏற்றம்போல மேலே எழும்பும். அந்த முனை ஒரு தள்ளுகோலை உயர்த்தும். தள்ளுகோல் சுத்தியலை உந்தும். சுத்தியல் தந்தியை அடிக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கோயில் மணியை அடித்துவிட்டு நாக்கை அங்கேயே அழுத்திப் பிடித்தால் ஓசை செத்துவிடும் அல்லவா? சுத்தியலும் தந்தியில் ஒட்டிக்கொண்டு நின்றால் அதே கதிதான். அதனால் தந்திக்கு ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போதே தள்ளுகோல் ஒரு பொத்தானில் இடித்து, சுத்தியலின் அடியிலிருந்து நழுவிவிடும். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து கடந்து, அடித்துவிட்டுத் திரும்பும். அந்தக் கடைசித் துளியில் வாசிப்பவருக்கும் சுத்தியலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொட்டு விடுவிக்கும் வேகம் ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது. இத்தனை உணர்ச்சியும் அதற்குள் அடங்குகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நழுவிய தள்ளுகோல் மறுபடியும் சுத்தியலின் அடிக்கு வந்தால்தான் அடுத்த அடி. பழைய பியானோக்களில் அதற்குக் கட்டை முழுவதும் மேலே வந்தாக வேண்டும். கட்டையின் இறக்கம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். ஆனாலும் வேகமாக வாசிக்கும்போது அந்தக் காத்திருப்பே பெரிய தடை. அவசரப்பட்டால் கட்டை இறங்கும், ஓசை வராது.

இதைத் தீர்த்தவர் பாரிஸில் பியானோ செய்துவந்த செபாஸ்தியன் எரார். 1821-இல் இதற்கான காப்புரிமை லண்டனில் அவருடைய சகோதரரின் மகன் பியேர் எராரின் பெயரில் பதிவானது. எரார் செய்தது இதுதான்: தள்ளுகோலுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த இன்னொரு நெம்புகோலைச் சேர்த்தார். அடித்துத் திரும்பும் சுத்தியல் ஒரேயடியாகக் கீழே விழாமல் நடுவழியில் நிற்கும். விரலைச் சற்றுத் தளர்த்தினாலே அந்த ஸ்பிரிங் சுத்தியலைத் தாங்கிப் பிடிக்க, தள்ளுகோல் அதன் அடியில் வந்து நின்றுகொள்ளும். கட்டை பாதி எழும்பினால் போதும், அடுத்த அடிக்குத் தயார்.

1811-இல் அன்றைய ஹங்கேரியின் ரைடிங் கிராமத்தில் பிறந்த லிஸ்ட், வியன்னாவில் கார்ல் செர்னியிடம் பயின்றுவிட்டு, 1823-இன் கடைசியில் தந்தையோடு பாரிஸ் வந்தார். வயது 12. அயல்நாட்டார் என்பதால் இசைக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் எரார் குடும்பத்தின் அன்பு கிடைத்தது, புதிய பொறியமைப்பு கொண்ட ஏழு ஸ்தாயிப் பியானோவும் கிடைத்தது. கல்லூரியைவிட அதுதான் அவரை ஆளாக்கியது என்பேன். 1824-இல் லண்டனில் அவர் வாசித்ததும் எரார் பியானோவில்தான்.

1832-இல் பகானினியின் வயலினைக் கேட்டபின் லிஸ்ட்டுக்கு வெறி பிடித்தது. நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் சாதகம் செய்வதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். எதையெல்லாம் பயில்கிறார் என்ற பட்டியலில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் இருக்கிறது. பகானினியின் இசையை வைத்து 1838-இல் முடித்த பியானோப் பயிற்சிகளில் 'லா கம்பனெல்லா' ஒன்று. இன்று நாம் கேட்கும் வடிவம் அவர் 1851-இல் திருத்தியது.

எராரின் நெம்புகோல் வேகத்தைத் தந்தது. பலத்தைத் தாங்கும் உடம்பு பியானோவுக்கு இன்னும் வரவில்லை. மரச்சட்டம் அளவுக்கு மேல் தந்திகளின் இழுவிசையைத் தாங்காது, தந்திகளும் மெல்லியவை. லிஸ்ட் வாசித்த மேடைகளில் தந்திகள் அறுந்தன. பாஸ்டனில் ஆல்ஃபியஸ் பாப்காக் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டத்தை 1825-இலேயே செய்துவிட்டார் என்றாலும், அது பெரிய கச்சேரிப் பியானோக்களில் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆயின. இன்றைய கச்சேரிப் பியானோவின் சட்டம் சுமார் 20 டன் இழுவிசையைத் தாங்குகிறது.

அந்த இரும்பு பரவலாகும் முன்பே, 1847-இல், 35 வயதில் லிஸ்ட் கட்டணக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். ஜெர்மனியின் வைமாரில் அமர்ந்து இசை எழுதினார். அங்கே 1853-இல் முடித்த பி மைனர் சொனாட்டாதான் அவருடைய உச்சம் என்பது என் துணிபு. 1886-இல் பைராய்ட்டில் இறந்தார்.

பெரும்பாலான வீடுகளில் சுவரோடு நிற்கும் பியானோவில் எராரின் அந்த நெம்புகோல் கிடையாது. அதில் சுத்தியல் படுக்கைவாட்டில் அடிப்பதால் பொறியமைப்பே வேறு. கட்டையும் ஏறக்குறைய முழுவதும் எழும்பியாக வேண்டும். அந்தப் பியானோவில் 'லா கம்பனெல்லா' பழகும் பிள்ளைக்கு ஓரிரு சுரங்கள் விழுங்கப்பட்டால், உடனே விரலைக் குறை சொல்லிவிடாதீர்கள்.