கடைவீதி ரோட்டைக் கேட்டு வாங்குமுன்

காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர்களில் கடைவீதி ரோட்டுக்கு ஒரு சொந்தக்காரர், அதற்கு அடியில் இருப்பதற்கு இன்னொரு சொந்தக்காரர் என்பது சாதாரணம். ரோடு மாநில நெடுஞ்சாலையாகவோ மாவட்ட முக்கியச் சாலையாகவோ இருந்தால், அது நெடுஞ்சாலைத் துறையின் கணக்கு. கீழே போகும் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் உள்ளாட்சியின் கணக்கு. இவர் போட்டதை அவர் தோண்டுவார். காரைக்குடி 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ‘மெயின் ரோட்டை நாமே எடுத்துப் பராமரித்தால் என்ன?’ என்று ஓர் ஊர் யோசிப்பது நியாயம்தான். ஆனால் கைக்கு வரப்போவது என்ன என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கறுப்பாகத் தெரிவது ரோட்டின் மேல்பகுதி மட்டும். அதற்கு அடியில் இறுக்கிய ஜல்லி, அதற்கும் கீழே கிராவல், கடைசியில் ஊர் மண். சக்கரத்தின் பாரம் கீழே இறங்க இறங்கப் பரவி, மண்ணைத் தொடும்போது அது தாங்கும் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். மெல்லிய தார் போட்ட ரோட்டில் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் ஜல்லிதான். தாரின் முக்கிய வேலை, தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்வது.

அந்த வேலையைத் தார் வெகுகாலம் செய்வதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதை வருஷா வருஷம் கெட்டியாக்கும். நெகிழ்வு போனதும் மயிரிழை விரிசல் விழும். இங்கே தண்ணீர் நுழைகிறது. கருங்கல் ஜல்லியில் சிலிகா அதிகம். அதற்குத் தாரைவிடத் தண்ணீரோடு ஒட்டுதல் கூடுதல் என்பதால், இடுக்கில் புகுந்த நீர் தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடும். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் கழிவைத் தூவி உருக்கிப் பூசும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கினார். அந்தப் பூச்சு தடுக்கப் பார்ப்பது இந்த உரிதலைத்தான்.

இன்னும் கீழே இறங்கும் நீர் மண்ணை ஊறவைக்கும். மேலே பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் அழுத்தப்பட்ட நீர், பொடி மண்ணையும் இழுத்துக்கொண்டு விரிசல் வழியாகப் பீறிடும். ஐப்பசி மழை விட்ட மறுநாள் பாருங்கள், விரிசலோரம் செம்மண் சேறு காய்ந்து கிடக்கும். அந்த மண் போன இடம் உள்ளே பொந்து. அடுத்து வருவது பள்ளம். விரிசலாக இருக்கும்போதே தார் ஊற்றி அடைத்தால் செலவு சொற்பம். பள்ளம் விழுந்தபின் ஜல்லிவரை பெயர்த்துப் போட வேண்டும்.

பாரத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958 முதல் 1960 வரை, தனியாகப் போட்ட ரோடுகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சோதித்தார்கள். ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 (2×2×2×2) மடங்காகிறது என்று தெரிந்தது. காரின் ஓர் அச்சில் அரை டன், லாரியின் பின்னச்சில் 10 டன் என்று வைத்துக்கொண்டால், பாரம் 20 மடங்கு, சேதம் 20×20×20×20, அதாவது 1,60,000 மடங்கு! பஜாரை மொய்க்கும் பைக்குகளை நொந்து பயனில்லை. ரோட்டை வாங்கும் ஊர், சரக்கு லாரிகளைப் புறவழியில் திருப்பிவிடும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

செட்டிநாட்டுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. இங்கே வீதிகளின் சரிவு, மழைநீரை வாய்க்கால் வழியாக ஊருணிக்குக் கொண்டுபோகும்படி அமைந்தது. வீடுகளையும் மேடை எழுப்பி, படி வைத்துக் கட்டினார்கள். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டு போனால், ஒவ்வொரு முறையும் ரோடு மூன்று நாலு சென்டிமீட்டர் ஏறும். படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்து, ஊருணிக்குப் போக வேண்டிய தண்ணீர் வாசலைத் தேடி வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசே உத்தரவிட்டது. ரோட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு இருந்தால் நீர் தானாக வடியும். வடிகால் வாய் மண்மூடிக் கிடந்தால் அந்தச் சரிவு இருந்தும் வீண்.

சரி, உள்ளே எப்படி இருக்கிறது என்று தோண்டாமல் தெரியுமா? தெரியும். பெங்கல்மேன் பீம் என்று ஒரு கருவி உண்டு. நீளமான ஒல்லிச் சட்டம், நடுவே ஒரு கீல், பின்பக்கம் ஒரு அளவுமானி, அவ்வளவுதான். பின்னச்சில் 8,170 கிலோ ஏற்றிய லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சட்டத்தின் நுனியைத் தரையில் வைப்பார்கள். லாரி மெதுவாக நகர, அமுங்கியிருந்த ரோடு எவ்வளவு மேலே எழும்புகிறது என்று மானி காட்டும். மில்லிமீட்டரின் பின்னங்களில் வரும் கணக்கு இது. கூடுதலாக எழும்பினால் அடித்தளம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதன்மேல் புதிதாக மெல்லிய தார் பூசினாலும் சீக்கிரமே விரிசல் விடும்.

சோதனைக்கு ஏற்ற காலம் மழைக்காலம் முடிந்த கையோடு, அதாவது நமக்கு மார்கழிக் கடைசி, தை. மண் அப்போதுதான் மிகவும் தளர்ந்திருக்கும். சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணின்மேல் எடுத்த அளவு ரோட்டை உள்ளதைவிடப் பலமாகக் காட்டிவிடும். ஒப்படைப்புக் கோப்பில் தை மாத அளவும், எந்தக் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்ற வரைபடமும் இல்லையென்றால், அவை வரும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடலாம்.