நாக் அவுட்டா, மரண அடியா?

குத்துச்சண்டைச் செய்தி எதை எடுத்தாலும் 'மரண அடி கொடுத்தார்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. அந்த மரண அடி வாங்கியவரோ சற்று நேரத்தில் எழுந்து, ஜெயித்தவரைக் கட்டிப்பிடித்து, கேமராவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போகிறார். இதில் மரணம் எங்கே வந்தது? எதிராளியை வீழ்த்தி எழ முடியாமல் ஆக்கும் நாக் அவுட்டுக்குத் தமிழ் இதுதான் என்று நம்பி எழுதுகிறார்களா, தலைப்புக்குச் சூடேற்ற எழுதுகிறார்களா தெரியவில்லை. எப்படி எழுதினாலும் தவறு தவறுதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'நாக்' என்றால் அடி, 'அவுட்' என்றால் வெளியே. எதற்கு வெளியே? ரிங்குக்கு வெளியே என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நேரத்துக்கு வெளியே. பழைய இங்கிலாந்தின் வெறுங்கைச் சண்டையில், 1743இல் வந்த ப்ராட்டன் விதிகளின்படி, விழுந்தவர் அரை நிமிடத்துக்குள் எழுந்து களத்தின் நடுவுக்கு வர வேண்டும். 1867இல் வெளியான குவின்ஸ்பெரி விதிகள் அதைப் பத்து நொடியாக்கின. கெடுவுக்குள் வர முடியாதவரை 'நேரத்துக்கு வெளியே அடிக்கப்பட்டவர்' என்றார்கள். நாளடைவில் 'நேரம்' உதிர்ந்து, 'வெளியே' மட்டும் மிஞ்சியது.

ஆக, இந்தச் சொல்லின் உயிர் விழுந்தவருக்கு நடுவர் பத்து எண்ணுவதில் இருக்கிறது. அடியின் கொடுமையை அது அளக்கவே இல்லை. 1927இல் சிகாகோவில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜாக் டெம்ப்சி குத்திய குத்தில் அப்போதைய சாம்பியன் ஜீன் டனி ஏழாவது சுற்றில் கீழே விழுந்தார். டெம்ப்சி விதிப்படி எதிர்மூலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றதால் நடுவர் எண்ணத் தொடங்கவே தாமதமானது. 'ஒன்பது' என்னும்போது டனி எழுந்துவிட்டார். கடைசியில் புள்ளிக் கணக்கில் வென்றவரும் அவரே. இதை எப்படி எழுதுவது? மரண அடி வாங்கியவர் வென்றார் என்றா?

'வீழ்த்தும் குத்து' என்று சிலர் எழுதுகிறார்கள். மரண அடிக்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் டனியும் வீழ்ந்தவர்தானே? விழுவது வேறு, எழ முடியாமல் போவது வேறு. குத்துச்சண்டையில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: முன்னது நாக் டவுன், பின்னது நாக் அவுட். 'மயக்கக் குத்து' என்பதும் நிற்காது. 2004இல் நடந்த பட்டப் போட்டியில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது சுற்றில் எதிராளி ஆஸ்கர் டி லா ஹோயாவின் ஈரல் பக்கம் இடது கையால் குத்தினார். டி லா ஹோயா நினைவு தப்பவில்லை, வலியில் தரையைத்தான் அறைந்தார். பத்து எண்ணி முடிந்தது. அதுவும் நாக் அவுட்தான்.

'மரண அடி'யில் எனக்குள்ள இன்னொரு மனக்குறை, அது குத்தின் வலு எங்கிருந்து வருகிறது என்பதையே மறைத்துவிடுகிறது. ஏதோ கொலைவெறியும் புடைத்த புஜமும் சேர்ந்தால் போதும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். நல்ல குத்து பாதத்தில் தொடங்குகிறது. பாதம் தரையை உந்தும், இடுப்பு திரும்பும், தோள் பின்தொடரும், கை கடைசியில்தான் வரும். முஷ்டி படும் அந்தக் கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் இறுகி நின்றால்தான் உடலின் எடை குத்தோடு சேரும். தளர்ந்திருந்தால் வேகம் மட்டும் போய்ச் சேரும், எடை பின்தங்கிவிடும். படும் இடமும் முக்கியம். தாடையின் நுனி கழுத்திலிருந்து தள்ளியிருப்பதால் நெம்புகோலின் முனைபோல வேலை செய்கிறது. அங்கே பக்கவாட்டில் ஒரு குத்து விழுந்தால் தலை சட்டென்று சுழலும், மண்டைக்குள் மூளை அந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் முறுக்கப்படும், நினைவு தப்பும். நெற்றியில் அதே விசையோடு குத்தினால் குத்தியவரின் கை எலும்புதான் முறியக்கூடும். அப்புறம், வருவது தெரியாத குத்து. தெரிந்தால் கழுத்துத் தசை இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். தெரியாதபோது அந்தக் காவல் இல்லை. இத்தனை நுணுக்கத்தையும் 'மரணம்' என்று ஒரே சொல்லில் மூடிவைப்பது என்ன நியாயம்?

தமிழில் 'அடி' எல்லா அடிக்கும் பொது, 'குத்து'தான் முஷ்டிக்கு உரியது என்பதுகூட இவர்களுக்குப் பொருட்டில்லை. கும்மாங்குத்து என்றாவது எழுதினால் ரசிக்கலாம்; ஆனால் அது சரமாரியாக விழுவது, ஒற்றைக் குத்துக்குப் பொருந்தாது.

என் கட்சி 'எழவிடாக் குத்து'. எண்ணி முடிக்கும்வரை எழ விடாதது, அவ்வளவுதான் பொருள். தாடைக்கும் பொருந்தும், ஈரலுக்கும் பொருந்தும். இதில் 'எழவு' காதில் விழுகிறதே என்று ஒருவர் கேலி செய்வார். மரணத்தை விரட்டிவிட்டு எழவைக் கூட்டி வந்தாயா என்பார். சரி, 'எழ விடாக் குத்து' என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் நாக் அவுட் என்றே இருக்கட்டும், தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது. தனித்தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் பொருள் தப்பிய தமிழைவிடப் பொருள் தப்பாத கடன்சொல் மேல்.

மரண அடியாவது உணர்ச்சிவசப்பட்ட பிழை. 'தொழில்நுட்ப நாக் அவுட்' சோம்பேறிப் பிழை. தொடர்ந்து ஆடினால் ஆபத்து என்று நடுவர் சண்டையை நிறுத்துவதற்கு இப்படி ஒரு பெயர். அகராதியில் 'டெக்னிக்கல்' என்று தேடி, கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இதில் தொழில் எது, நுட்பம் எது? எண்ணி முடிக்காவிட்டாலும் விதிப்படி நாக் அவுட்டாகக் கொள்வது என்பதுதான் அங்கே கருத்து. 'நடுவர் நிறுத்தம்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

1982இல் லாஸ் வேகஸில் அமெரிக்கச் சாம்பியன் ரே மான்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் டுக் கூ கிம் 14ஆவது சுற்றில் விழுந்தார், எழுந்தும்விட்டார். நடுவர் சண்டையை நிறுத்தினார். சில நாட்களில் கிம் இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது. உண்மையிலேயே உயிரைக் குடித்த அந்தச் சண்டையின் முடிவு, நம் மொழிபெயர்ப்பாளர்கள் கணக்கில், தொழில்நுட்ப நாக் அவுட்.