மறையூர் வானம்: ஒரே படத்துக்குள் இரண்டு படங்கள்

பால்வீதியையும் அதன் கீழே இருக்கும் மலையையும் ஒரே கிளிக்கில் நன்றாக எடுக்க முடியாது. பூமி சுற்றுவதுதான் காரணம்.

வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அதாவது விநாடிக்கு 15 ஆர்க்விநாடி (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்விநாடி). கண்ணுக்கு இது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸ் மாட்டினால், ஒரு பிக்சலில் அடங்குவது ஏறக்குறைய 62 ஆர்க்விநாடி. நான்கே விநாடியில் நட்சத்திரம் அடுத்த பிக்சலுக்குப் போய்விடும். 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து வரும் விநாடிகள் வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்று பழைய விதி ஒன்று உண்டு. இந்த லென்ஸுக்கு அது 25 விநாடி. அதற்குள் நட்சத்திரம் ஆறு பிக்சல் இழுபட்டிருக்கும். போனில் பார்க்க அது போதும், பெரிய பிரிண்ட்டுக்குப் போதாது. 10 விநாடியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

சரி, நேரத்தைக் குறைத்தால் வெளிச்சம் குறையுமே? குறையும், படம் மணல் தூவியதுபோல ஆகிவிடும். தூறலில் நாலு பாத்திரம் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் ஒன்றில் ஐந்து துளி விழும், பக்கத்துப் பாத்திரத்தில் ஒன்பது விழும். ஒரு மணி நேரம் விட்டால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் நிற்கும். ஒளித்துகள்களும் இப்படித்தான் பிக்சல்களில் வந்து விழுகின்றன. அதனால் 16 படம் எடுத்து, நட்சத்திரங்களைப் பொருத்தி ஒன்றாக்கினால் நாய்ஸ் என்ற அந்த மணல் தூவல் நான்கில் ஒரு பங்காகிறது. சீக்குவேட்டர், சிரில் போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும்.

ஆனால் நட்சத்திரங்களைப் பொருத்தினால் தரை கலங்கிவிடும். அதனால் ட்ரைபாடை அசைக்காமல் தரைக்கென்று ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, குறைத்து இரண்டு மூன்று நிமிடம் தனியாக ஒரு படம் எடுக்க வேண்டும். கேரளத்தின் மறையூரில் இருக்கும் முனியறை என்ற பழங்காலக் கல்திட்டையின் பலகைக்கல்லில் இருக்கும் சொரசொரப்பு அதில்தான் கிடைக்கும். அப்புறம் மலைமுகட்டு வரியில் இரண்டையும் இணைக்க வேண்டும். மொட்டைப் பாறை என்றால் சுலபம். மரங்கள் இருந்தால் ஒவ்வொரு இலை நுனியிலும் வெளிறிய விளிம்பு நிற்கும், அதைத் துடைக்கவே பாதி இரவு போகும்.

இதற்கு மறையூர் வாய்ப்பான இடம். ஆனைமுடித் தொடர் மேகத்தைத் தடுப்பதால் இது மழை மறைவுப் பகுதி. உடுமலை ஊர் வெளிச்சம் வடக்கே இருக்கிறது, பால்வீதியின் மையம் தெற்கே. லண்டனில் 10 டிகிரியைக்கூட எட்டாத அந்த மையம், இங்கே 51 டிகிரி உயரம் வரை ஏறும். பிப்ரவரியில் விடியலுக்கு முன்பும், ஏப்ரலில் நள்ளிரவிலிருந்தும் பார்க்கலாம். அமாவாசையை ஒட்டிப் போங்கள். யானை நடமாடும் ஊர் இது. இரவில் காட்டுக்குள் இறங்காதீர்கள், தங்குமிடத்து மொட்டைமாடியே போதும்.

எடிட்டிங்குக்கு ரா ஃபைல், அதாவது கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல், கட்டாயம். 14 பிட் ரா ஃபைலில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256. மங்கலான பால்வீதியை வெளியே இழுக்க அத்தனை படிகளும் வேண்டும். அடிவானத்தில் பச்சை வந்தால் பதறி அழிக்காதீர்கள். சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டரில் உமிழும் ஒளியாக அது இருக்கலாம்.

ஒரே இடத்தில், ஒரே திசையில், ஒரே இரவில் எடுத்த இரண்டை இணைப்பது நேர்மையான வேலை. வேறு ஊர் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதை என்னால் ஏற்க முடியாது. அதைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. மறையூரில் அந்த மையம் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் மறையும். வடக்கு மலைக்கு மேல் அது நின்றால், படம் ஒட்டுப்போட்டது.