ஜம்ப்சீட்டில் இருப்பவர் எப்போது வாயைத் திறக்க வேண்டும்?

காக்பிட்டில் இரண்டு விமானிகளின் முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்த சின்ன இருக்கை ஒன்று இருக்கும். ஜம்ப்சீட் என்போம். விமானிகளைச் சோதிக்க வரும் அதிகாரியும் பயிற்சியில் இருப்பவரும் உட்காரத்தான் அது. அவர்கள் வராத நாட்களில், வேலைக்குப் போகிற அல்லது வேலை முடிந்து வீடு திரும்புகிற இன்னொரு விமானி அதில் தொற்றிக்கொண்டு போவது பல நாடுகளில் வழக்கம். யார் உட்காரலாம், வேறு நிறுவனத்துக்காரரை ஏற்றலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கடைசி வார்த்தை கேப்டனுடையது என்பது மட்டும் எங்கேயும் மாறாது.

இதை நான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். பல வருடம் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். இப்போது கேப்டனுக்கான இடது பக்க இருக்கையில் இருந்துகொண்டு மற்றவர்களை ஏற்றிக்கொள்கிறேன். எனக்குத் தலைவலி கொடுத்தவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. அது தன் விமானம் இல்லை என்பதை மறந்துவிட்டவர்கள், அவ்வளவுதான்.

முதலில், கேட்பது. விமானத்தில் ஏறும் கேட்டில் இருக்கும் ஊழியர் பெயரைப் பதிந்துவிட்டார், கையில் சீட்டு இருக்கிறது என்பதெல்லாம் அனுமதி ஆகாது. காக்பிட் வாசலில் நின்று கேப்டனிடம் நேரில் கேட்க வேண்டும். அவர் பறப்புக் கணினியில் பாதையை ஏற்றிக்கொண்டிருந்தாலோ, துணை விமானி ரேடியோவில் வரும் கிளியரன்ஸை, அதாவது பறப்பு அனுமதியை, எழுதிக்கொண்டிருந்தாலோ, முடியும்வரை வாசலிலேயே நிற்கலாம். அரை நிமிடத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அவர் திரும்பிப் பார்த்ததும் பெயர், நிறுவனம், ஓட்டும் விமான வகை, “உங்களோடு வரலாமா கேப்டன்?” இவ்வளவு போதும். லைசென்ஸ், மெடிக்கல் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றும் கேட்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் துழாவிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடும்.

கேப்டன் முடியாது என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. எடைக் கணக்கு இழுபறியாக இருக்கும் நாளில் உங்கள் எடையும் பையின் எடையும்கூட கணக்கில் வரும். நன்றி சொல்லிவிட்டு இறங்குங்கள். கேபினுக்குள் போகும்போது பணியாளர்களிடமும் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. யாரென்று தெரியாத ஒருவர் காக்பிட்டுக்குள் நுழைவதைப் பார்த்தால் அவர்கள் பதறுவது நியாயம்தானே?

உட்கார்ந்த பிறகு சில விஷயங்களைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் ஓட்டும் விமான வகையாகவே இருந்தாலும் பின் இருக்கையிலிருந்து எல்லாம் வேறு மாதிரி இருக்கும். ஆக்சிஜன் மாஸ்க் எங்கே, அதை எப்படி உருவுவது, பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, ஜன்னல் வழியாக இறங்க வேண்டி வந்தால் கயிறு எங்கே. போயிங் 737-இல் அந்த இருக்கையை விரித்தால் கதவுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருப்போம். யார் வெளியே போகவேண்டுமானாலும் நாம் எழுந்து வழிவிட வேண்டும். புகை சூழ்ந்த காக்பிட்டில் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு மற்ற இருவரின் வழியையும் அடைத்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அப்புறம் ஹெட்செட். மாட்டிக்கொண்டு கேட்பது நல்லது. ஆனால் உங்கள் பக்க ஆடியோ பேனலில் மைக் எதில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஒருவர் விட்ட கொட்டாவியை ஏ.டி.சி. (தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு மையம்) அலைவரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்ட கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. கொட்டாவி விட்டவர் யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சரி, பேச்சுக்கு வருவோம். 10,000 அடிக்குக் கீழே, டாக்சி (விமானம் தரையில் ஊர்ந்து போவது), டேக்-ஆஃப், லேண்டிங் சமயங்களில் பறப்புக்குச் சம்பந்தமில்லாத எதையும் பேசக்கூடாது என்ற விதியை அமெரிக்கா 1981-இல் கொண்டுவந்தது. 1974 செப்டம்பரில் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிசி-9 ஒன்று பனிமூட்டத்தில் ரன்வேக்கு முன்பே விழுந்தது. இறங்கும்போது அரசியலும் பழைய கார்களும் காக்பிட்டில் பேச்சாக இருந்தன. விதி வந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. 1988-இல் டல்லஸில் டெல்டா நிறுவனத்தின் 727 ஒன்று, மேலெழ உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப்பை இறக்காமலே ஓடி, எழ முடியாமல் விழுந்து 14 பேர் இறந்தார்கள். புறப்படக் காத்திருந்த நேரத்தில் காக்பிட்டுக்கு வந்த பணிப்பெண் ஒருவரோடு விமானிகள் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் மேல் தப்பு சொல்ல நான் இதை எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தாலே பேச்சு தானாகக் கிளம்பும். விருந்தாளியிடம் முகம்கொடுத்துப் பேசாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று கேப்டனுக்கே தோன்றும். அந்தச் சங்கடத்தை அவருக்கு வைக்காமல் நாமே வாயை மூடிக்கொள்வதுதான் உதவி.

இங்கேதான் சிக்கல். வாயை மூடு என்று சொல்லிச் சொல்லியே சிலரை ஒரேயடியாக ஊமையாக்கிவிட்டோம். 1989 ஜூலையில் யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் வெடித்து விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் போனபோது, டிசி-10 பயிற்றுநர் டென்னிஸ் ஃபிட்ச் பயணியாகக் கேபினில் இருந்தார். நேராகப் போய்க் காக்பிட் கதவைத் தட்டவில்லை. பணிப்பெண் மூலம் தான் இருப்பதைச் சொல்லி அனுப்பினார். கேப்டன் அல் ஹெய்ன்ஸ் கூப்பிட்டார். போனதும் “நான் என்ன செய்யட்டும்?” என்ற இடத்தில் நின்று, கொடுத்த வேலையை, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர்களை இயக்குவதை, கடைசிவரை செய்தார். அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த அந்த விமானத்தில் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். நல்ல விருந்தாளி எப்படி நடந்துகொள்வார் என்று புதியவர்கள் கேட்டால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் இதைவிடச் சின்ன விஷயம். ஒருமுறை நான் பின்னால் இருந்தபோது ஏ.டி.சி.யில் 8,000 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். துணை விமானி சரியாகத் திருப்பிச் சொன்னார். ஆனால் இறங்க வேண்டிய உயரத்தைப் பதியும் கட்டத்தில் 7,000 ஏறியிருந்தது. இருவரும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். நான் தவறாகக் கேட்டிருப்பேனோ, வேறு நிறுவனத்தாரின் வேலையில் மூக்கை நுழைக்கலாமா என்று மனதுக்குள் ஒரு பட்டிமன்றம். பிறகு, “எனக்கு 8,000 என்று கேட்டது” என்றேன். கேப்டன் ஏ.டி.சி.யிடம் உறுதி செய்துகொண்டு எண்ணை மாற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுத்துமிடத்துக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகு திரும்பி, “எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்?” என்று கேட்டார். ஐந்து விநாடி இருக்கும் என்றேன். “அடுத்த தடவை யோசிக்காதீர்கள்” என்றார்.

அதனால் இப்போது என் காக்பிட்டில் யார் உட்கார்ந்தாலும் பிரீஃபிங்கிலேயே சொல்லிவிடுகிறேன்: தப்பாக எதைப் பார்த்தாலும் உடனே சொல்லுங்கள், நீங்களே தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லும் விதம் மட்டும் முக்கியம். பார்த்ததைச் சொல்லலாம். எப்படி ஓட்டவேண்டும் என்று சொல்லக்கூடாது. லீவரையோ சுவிட்சையோ தொடவே கூடாது. லேண்டிங் சற்று பலமாக இருந்தால் அதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். மறுநாள் உங்கள் ஓய்வறையில் அதைக் கதையாக்குவது அதைவிட மோசம்.

இன்னொன்றை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை: உட்காருகிற நாம் அன்றைக்கு எப்படி இருக்கிறோம்? 2023 அக்டோபர் 22-ஆம் தேதி எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஹொரைசன் நிறுவன விமானத்தில் ஜம்ப்சீட்டில் இருந்த விமானி ஒருவர், நடுவானில் எஞ்சின்களை அணைத்துவிடும் தீயணைப்புக் கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார். பணியில் இருந்த இருவரும் தடுத்து, விமானத்தைப் போர்ட்லண்டில் இறக்கினார்கள். 40 மணி நேரமாகத் தூங்கவில்லை என்று அவர் பின்னர் போலீசிடம் சொன்னார். அது அபூர்வமான சம்பவம்தான். ஆனால் தூக்கமில்லாமல், மனது சரியில்லாமல், முந்தின இரவு குடித்துவிட்டு, நாம்தான் ஓட்டப்போவதில்லையே என்று பின்னால் உட்காருவது அவ்வளவு அபூர்வமில்லை. அப்படிப்பட்ட நாளில் கேபினில் இடம் கேளுங்கள். அங்கே இடம் இல்லாவிட்டால் அடுத்த விமானத்துக்குக் காத்திருங்கள்.

உயரத்தில் சமனாகப் பறக்கும்போது தூங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேப்டனைக் கேட்டுவிட்டுத் தூங்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை, குறட்டை விட்டால் மட்டும் எழுப்புவேன். போனில் படம் எடுப்பதை நான் அனுமதிப்பதில்லை. காரணம் கேட்கவும் வேண்டாம்.

இறங்கிய பிறகு செக்லிஸ்ட் முடியும்வரை பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் இருங்கள். அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டி, ஆடியோ பேனலை முன்பு இருந்தபடி வைத்து, இருக்கையை மடக்கி, இருவருக்கும் கேபின் பணியாளர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். காலி காபிக் கோப்பையையும் கையோடு எடுத்துப் போங்கள்.