அப்பாயியின் முதுகும் முறைப்பாசனமும்

அப்பாயிக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை ராத்திரி, அடுத்து எந்தத் தேதியில் வரணும், எல்லாம் அதில் இருந்தது. தானாக அசைய முடியாத ஒரு உடம்பைப் படுக்கையில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் ஒரு வரி இல்லை. நாங்களும் கேட்கவில்லை. மன்னார்குடிப் பக்கம் கிராமம், குறுவை அறுப்பு நேரம், வீட்டில் இருந்தது அம்மாவும் நானும்தான்.

எட்டாம் நாள் துணி மாற்றும்போது வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குத் தோல் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தோம். படுக்கைப்புண்ணின் ஆரம்பம். என்ன செய்தோம் தெரியுமா? தேங்காயெண்ணெய் விட்டு நன்றாக அழுத்தித் தேய்த்தோம். மேலே பவுடர் கொட்டினோம். மெடிக்கல் கடையில் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு காற்று வளையம் வாங்கி வந்து அதன்மேல் உட்கார வைத்தோம். மூன்றும் தப்பு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சிஸ்டர் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "யாரு இதைப் போட்டுத் தேய்ச்சது?"

"நான்தான் சிஸ்டர்."

"இனிமே தேய்க்காதீங்க தம்பி. உள்ளே ஏற்கெனவே நசுங்கிக் கெடக்கு, நீங்க வேற அது மேல அம்மி அரைக்கிறீங்க."

உள்ளே நசுங்கிக் கிடப்பது எது? அது புரிந்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம் பிடிபட்டது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறாக, கிளை வாய்க்காலாக, கன்னி வாய்க்காலாகப் போய்க் கடைசியில் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்குச் சேரும்போது அதில் வேகம் என்று ஒன்றும் இருக்காது. யாராவது வழியில் ஒரு மண்வெட்டி மண்ணை வெட்டிப் போட்டாலே நின்றுபோகும். உடம்பிலும் அப்படித்தான். கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்கும்போது 120/80 என்று வருகிறதே, அது பெரிய ஆற்றின் கணக்கு. தோலுக்கும் தசைக்கும் நேரடியாகச் சோறு போடுவது முடியைவிட மெல்லிய தந்துகிகள், அதாவது உடம்பின் கடைமடை. அங்கே அழுத்தம் எவ்வளவு என்று 1930-ல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் நகக்கண் ஓரத்துத் தந்துகிக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி அளந்தே காட்டினார். நுழைகிற முனையில் 32 மில்லிமீட்டர் பாதரசம், வெளியேறுகிற முனையில் 12 சொச்சம். அவ்வளவுதான்.

இப்போது அப்பாயி மல்லாக்கப் படுத்திருக்கிறார். வால் எலும்பு, குதிகால், தோள்பட்டை எலும்பு, பின்மண்டை, இந்த இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை மாட்டிக்கொள்கிறது. உடம்பின் மொத்த எடை முக்கியமில்லை, அது எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்பதுதான் முக்கியம். சேற்று வயலில் ஒற்றைக் காலை ஊன்றினால் முழங்கால் வரை போகும், அதே ஆள் பரம்புப் பலகை மேல் ஏறி நின்றால் பலகை மிதந்துகொண்டே போகும் இல்லையா? எலும்பு முட்டுகிற இடம்தான் அந்த ஒற்றைக் கால். சாதாரண மெத்தையிலேயே அங்கே அழுத்தம் அந்த 32-ஐப்போல இரண்டு மூன்று மடங்கு சர்வசாதாரணமாக ஏறிவிடும். கடைமடை அடைபட்டுவிடும். பிராணவாயு வராது, கழிவு வெளியேறாது, கொஞ்ச நேரத்தில் செல்கள் சாக ஆரம்பிக்கும்.

காற்று வளையம் ஏன் தப்பு என்பதும் இதிலேயே இருக்கிறது. நடுவில் ஓட்டை விட்டுச் சுற்றிலும் அமுக்கினால், ஓட்டையில் இருக்கும் தோலுக்குப் போகிற எல்லா வாய்க்காலையும் சுற்றி வளைத்து மடைகட்டின மாதிரி.

அப்படியானால் நமக்கெல்லாம் ஏன் புண் வருவதில்லை? நாம் ஒரு மணி நேரம்கூட ஒரே மாதிரி கிடப்பதில்லை. தூக்கத்திலேயே எத்தனையோ தடவை புரளுகிறோம். நசுங்குகிற சதையிலிருந்து நரம்பு வழியாக ஒரு முணுமுணுப்பு மூளைக்குப் போகிறது, விழிக்காமலே உடம்பு இடம் மாறிக்கொள்கிறது. வாதம் வந்தவர்களுக்கு அந்தத் தகவல் போகாது, போனாலும் புரளத் தெம்பு இருக்காது. அந்தப் புரளலை வெளியிலிருந்து நாம் செய்து கொடுக்கணும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து, இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று விடுவார்களே, அதேதான். இடது பக்கம் அமுங்கும்போது முதுகுக்குத் தண்ணீர், முதுகு அமுங்கும்போது பக்கவாட்டுக்குத் தண்ணீர்.

"படுக்கையில விழுந்தா புண்ணு வரத்தான் செய்யும், விதி" என்று பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். இதை நம்ம ஊர் அறியாமை என்று நினைக்க வேண்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரிஸில் ஷார்கோ என்ற பெரிய நரம்பியல் மருத்துவரே கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். நரம்பு அடிபட்டதால் சதை தானாக அழுகுகிறது, தடுக்க முடியாது என்பது அவர் கட்சி. அவருக்கு முன்பே, 1853-ல் பிரௌன் செக்கார் தண்டுவடம் வெட்டப்பட்ட கினிப் பன்றிகளை ஈரம் படாமல், ஒரே பக்கம் அழுந்தாமல் வைத்துப் பார்த்து, புண் வரவில்லை என்று காட்டியிருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களை ராப்பகலாக இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போடவைத்தார். அதுவரை புண் அழுகியும் சிறுநீர்த் தொற்றிலும் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள்.

அந்த இரண்டு மணி கல்லில் வெட்டின கணக்கு இல்லை. நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில் இரண்டு, மூன்று, நான்கு மணி என்று வெவ்வேறு இடைவெளியில் புரட்டிப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் நம் வீட்டில் இருப்பது இலவம்பஞ்சு அமுங்கித் தட்டையாகிப்போன மெத்தை. அதில் இரண்டு மணியை விட்டு நகர வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

சரி, எப்படிப் புரட்டுவது? நானும் முதலில் தோளைப் பிடித்துத் தள்ளத்தான் பார்த்தேன், அசையவே இல்லை. சிஸ்டர் ஒற்றை ஆளாகச் செய்து காட்டினார். அப்பாயி எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கம் கட்டிலோரமாக நின்றுகொண்டார். எதிர்ப்பக்கத்துக் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார். எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்ற வைத்தார். அப்புறம் ஒரு கை அந்த முழங்காலில், இன்னொரு கை எதிர்த்தோளுக்குப் பின்னால், தன் பக்கம் மெதுவாக இழுத்தார். முழங்கால் சாய்ந்ததும் இடுப்பு பின்னாலேயே வந்தது, இடுப்பு வந்ததும் உடம்பு மொத்தமும் வந்துவிட்டது. மடக்கிய கால் இங்கே அடிபம்பின் கைப்பிடி, நீளமாக இருக்க இருக்க வேலை லேசு. விழுந்துபோன கையைப் பிடித்து மட்டும் ஒருபோதும் இழுக்கக் கூடாது. தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பதே சுற்றியுள்ள தசைதான், அது தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு நழுவிவிடும்.

முழுக்க ஒருக்களித்தும் படுக்க வைக்க வேண்டாம். அப்போது மொத்த பாரமும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் போய் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணையை ஒட்டக் கொடுத்து, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் நிறுத்தினால் பாரம் புட்டத்துச் சதைமேல் பரவும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று, குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி. குதிகாலுக்கு அடியில் கை தடையில்லாமல் போய்வந்தால் சரி.

அழுத்தத்தைவிட நைச்சியமான எதிரி ஒன்று உண்டு, சறுக்கல். தலைமாட்டில் நாலு தலையணை வைத்துச் சாய்த்தால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி அங்கேயே நிற்கும், எலும்புக்கூடு மட்டும் கீழே நகரும். நடுவில் இருக்கிற ரத்தக்குழாய்கள் மோட்டார் ஹோஸ் மடங்கின மாதிரி மடங்கிவிடும். அதனால் சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் தலைமாடு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். மேலே தள்ளிப் படுக்க வைக்கும்போதும் அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டு வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்தணும். தூக்குகிறவர் குனியாமல் முட்டியை மடக்கித் தூக்குவது நல்லது. எங்கள் அம்மாவுக்கு நடவு நட்டே பாதி இடுப்பு போயிருந்தது, மீதியும் போகாமல் காப்பாற்றியது அந்த வேட்டிதான்.

கன்றின இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க விரல் போதும். அழுத்தி எடுத்தால் வெளுத்து, மறுபடி நிறம் திரும்புகிறதா? ரத்த ஓட்டம் இருக்கிறது, பாரத்தை எடுத்துவிட்டால் மீண்டுவிடும். வெளுக்கவே இல்லையா? அதுதான் முதல் நிலைப் புண், தோல் கிழியாவிட்டாலும் புண்தான். படங்களில் பளிச்சென்று சிவப்பாகக் காட்டுவார்கள், அது வெள்ளைத்தோலுக்கு. நம் நிறத்தில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, கருநீலமாக இருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா அல்லது சில்லென்று இருக்கிறதா, கல் மாதிரியோ களி மாதிரியோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பார்க்கணும். பல சமயம் எலும்பை ஒட்டிய தசைதான் முதலில் சாகிறது, தோல் கடைசியில்தான் விட்டுக்கொடுக்கிறது. அதனால் வெளியே சுண்டைக்காய் அளவு தெரிந்தால் உள்ளே பறங்கிக்காய் அளவு இருக்கலாம். கறுத்துப்போனாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஐப்பசி பிறந்ததும் அடுத்த தொல்லை, ஈரம். நடவு நாளில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறதே, அதே சங்கதி. ஊறின தோல் சீக்கிரம் பிய்யும். மூத்திரத்தில் ஊறினால் இன்னும் மோசம். தோலின் மேற்பரப்பு இயல்பாக லேசான அமிலத்தன்மையுடையது, மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுவதால் அந்தக் காவல் போய்விடும். அடைமழையில் விரிப்பு காயாது, எங்கள் வீட்டில் இட்லி அடுப்புப் பக்கம் கொடி கட்டிக் காயவைத்தோம். ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மெல்லிசாக வாசலின். தொடும் முன்னும் பின்னும் நம் கையைச் சோப்புப் போட்டு 40 விநாடியாவது கழுவணும், இதற்கு விளக்கம் தேவையில்லை.

சாப்பாட்டில் நாங்கள் செய்த தப்பு கஞ்சி. மூன்று வேளையும் கஞ்சி. புதுத் தோல் கட்டப் புரதம் வேண்டும், இப்படிப் படுத்திருப்பவருக்கு கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் வரை சொல்கிறார்கள். 40 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், கஞ்சியில் கணக்குக்கே வராது. சிறுநீரகக் கோளாறு இல்லை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு முட்டை, பருப்பு, தயிர், மசித்த மீன் என்று மாறினோம்.

ஊட்டும்போது நேராக உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, நல்ல பக்கத்து வாயில் அரை ஸ்பூன். வாதம் வந்தவர்களுக்குக் கெட்டிக் கஞ்சியைவிடப் பச்சைத் தண்ணீர்தான் ஆபத்து. தண்ணீர் வேகமாக ஓடும், தொண்டையின் மூடி அதற்குள் மூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது, அதனால் இருமவில்லை என்பதை வைத்து ஒழுங்காக இறங்குகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கணும்.

பிறகு ஏர் பெட் வந்தது. சின்ன மோட்டார், மெத்தைக்குள் வரிசை வரிசையாகக் காற்று அறைகள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை இறங்கும், அடுத்தது ஏறும். அதாவது முறைப்பாசனத்தை மெத்தையே செய்கிறது. ஆனாலும் புரட்டுவதை விடக் கூடாது, நாம் விட்டுவிடுவோம் என்று தெரிந்தே சிஸ்டர் இரண்டு தடவை சொன்னார். மெத்தைக்கு அடியில், வால் எலும்புக்கு நேராக உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். கைக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று இருக்கணும், எலும்பு கையில் தட்டினால் மெத்தை இருந்தும் இல்லாத கணக்கு.

கார்த்திகையில் ஒரு ராத்திரி புயல் மழை, பத்து மணிக்குக் கரண்ட் போனது. டார்ச் அடித்துக்கொண்டு கையை நுழைத்துப் பார்த்தேன், தட்டியது. பழைய மெத்தையை எடுத்துப் போட்டு, பன்னிரண்டுக்கு இடது பக்கம், இரண்டுக்கு மல்லாக்க, நாலுக்கு வலது பக்கம் என்று அம்மாவும் நானும் மாறி மாறி எழுந்தோம். கன்றின இடம் அதற்குள் ஆறிப்போய், விரல் வைத்து அழுத்தினால் மெத்தென்றுதான் இருந்தது. நாலு மணிக்குப் புரட்டும்போது அப்பாயி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். குழறினாலும் தெளிவாகவே கேட்டது.

"ஏண்டா, தோசைய இப்படியா திருப்பிக்கிட்டே இருப்பீங்க? வெந்துருச்சுடா, விடு."