பகுதி நேர ஹெல்ப் டெஸ்க் வேலை: அடுத்த நிலைக்கு அழைத்துச் செல்லும் டிக்கெட் குறிப்பு

வீட்டிலிருந்தபடியே பகுதி நேரமாகத் தொழில்நுட்ப ஆதரவு வேலை பார்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழ் படித்தால் வேலை கிடைக்கும் என்பதைத்தான். வேலையில் சேர்ந்து ஓராண்டைக் கடந்தவர்கள் வேறொன்றைக் கேட்கிறார்கள்: நாள்தோறும் பாஸ்வேர்ட் ரீசெட்டும் பிரிண்டர் புகாருமாகவே பொழுது போகிறது, இதிலிருந்து மேலே போவது எப்படி? ஹெல்ப் டெஸ்க் குழுக்களை நெடுங்காலமாக நடத்தி வருபவர் என்ற முறையில், இரண்டு கேள்விகளுக்கும் நான் சொல்லும் விடை ஒன்றுதான். தொலைவிலிருந்து, அதுவும் நாளில் சில மணி நேரம் மட்டும் வேலை செய்பவருடைய திறமையை டீம் லீட் நேரில் பார்ப்பதில்லை. ஒவ்வொரு புகாருக்கும் திறக்கப்படும் பதிவான டிக்கெட்டில் அவர் என்ன எழுதி வைத்தார் என்பதைத்தான் பார்க்கிறார். சிக்கலைத் தீர்க்கத் தெரிந்திருந்தும் எழுதத் தெரியாததால், புகார்களை முதலில் எடுக்கும் முதல் நிலையிலேயே தங்கிவிடும் நல்ல பணியாளர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு, சேரும் இடத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். தொழில்நுட்ப ஆதரவு என்ற பெயரிலேயே மோசடி நடத்தும் கும்பல்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. திரையில் பொய்யான வைரஸ் எச்சரிக்கையைக் காட்டி, கூடவே ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்து, பயந்துபோய் அழைப்பவருடைய கணினிக்குள் நுழைந்து பணம் பறிப்பது அவர்களுடைய வழக்கம். தன்னுடைய பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தெளிவாக அறிவித்திருக்கிறது. இந்தக் கும்பல்களும் 'ரிமோட் சப்போர்ட்' என்ற பெயரில்தான் ஆள் எடுக்கின்றன. கணினியை ஆராய்வதற்கு முன்பே அதில் கோளாறு இருப்பதாகச் சொல்லும்படி வசனம் எழுதிக் கொடுத்தாலோ, வாடிக்கையாளரிடம் பரிசு அட்டை எண்ணை வாங்கச் சொன்னாலோ, உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் பணம் பெற்றுத் தரும்படி கேட்டாலோ, அன்றைக்கே விலகிவிடுங்கள். ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், அந்தப் பணப் பரிமாற்றத்தில் உங்கள் பெயர் இருக்கும். பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம் என்று வேலை கொடுக்கும் முன்பே பணம் கேட்பவர்களையும் நம்ப வேண்டாம்.

நேர்மையான நிறுவனமாகவே இருந்தாலும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை உண்டு. அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, ஷிப்ட் முடியும் நேரத்தில் ஓர் அழைப்பு நீண்டுவிட்டால் அந்த நேரம் கணக்கில் வருமா, கணினியை அவர்கள் தருகிறார்களா அல்லது உங்களுடைய சொந்தக் கணினியில் அவர்களுடைய கண்காணிப்பு மென்பொருளை நிறுவச் சொல்கிறார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இன்னொரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் முன்னேற்றத்தைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமானது: முதல் நிலையில் தீராத சிக்கல்களை எடுக்கும் இரண்டாம் நிலையில் பகுதி நேரப் பணியிடங்கள் இருக்கின்றனவா? பல நிறுவனங்களில் முதல் நிலை மட்டுமே பகுதி நேரமாகக் கிடைக்கும், அதற்கு மேல் முழு நேரம்தான். இதை நேர்காணலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

வேலையின் அமைப்பு எளிமையானது. முதல் நிலையில் இருப்பவர் எல்லாப் புகார்களையும் எடுத்து, தன்னால் முடிந்ததை முடிக்கிறார். முடியாததை இரண்டாம் நிலைக்கு அனுப்புகிறார். சர்வர், நெட்வொர்க் போன்றவற்றில் ஆழமாக இறங்க வேண்டியவை மூன்றாம் நிலைக்குப் போகின்றன. முழு நேரப் பணியாளருக்கும் பகுதி நேரப் பணியாளருக்கும் உள்ள வேறுபாடு ஷிப்ட் முடியும் நேரத்தில்தான் வெளிப்படுகிறது. முழு நேரத்தில் இருப்பவர் காலையில் எடுத்த சிக்கலை மாலைக்குள் பெரும்பாலும் தானே முடித்துவிடுவார். நான்கு மணி நேர ஷிப்டில் இருப்பவரோ எப்போதும் ஏதாவது ஒரு சிக்கலைப் பாதியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். ஆகவே அவருடைய வேலையில் பாதி, ஒப்படைக்கும் வேலைதான்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகவே பார்த்துவிடலாம். ஒரு பயனர் அழைக்கிறார். பாஸ்வேர்டை இட்ட பிறகு கைபேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணையும் சரியாகத்தான் இடுகிறார், ஆனாலும் கணக்கு திறக்க மறுக்கிறது. ஷிப்ட் முடியப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. பெரும்பாலான குறிப்புகள் இப்படித்தான் முடிகின்றன: 'பயனரால் உள்நுழைய முடியவில்லை. பாஸ்வேர்ட் மாற்றியும் பயனில்லை. அடுத்த நிலைக்கு அனுப்பப்படுகிறது.' இதைப் படிக்கும் அடுத்த பணியாளருக்கு எதுவுமே தெரியவில்லை. பயனரை அழைத்து, அவர் ஏற்கெனவே பொறுமையாகச் சொன்ன அத்தனையையும் மறுபடி சொல்ல வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அதே பத்து நிமிடத்தில் இப்படியும் எழுதியிருக்கலாம்: 'பாஸ்வேர்ட் ஏற்கப்படுகிறது, பிழை இரண்டாம் படியில் மட்டும். வேறு பிரௌசரிலும் அதே பிழை. நேற்று வரை பிரச்சினை இல்லை. இன்று காலை கைபேசியின் நேரத்தைத் தானே மாற்றியதாகப் பயனர் சொல்கிறார். கைபேசி 4 நிமிடம் முந்திக் காட்டுகிறது. தானியங்கி நேரத்தை இயக்கச் சொன்னேன். அதற்குள் கைபேசி சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அழைக்கலாம் என்றார். நேரம் சரியான பிறகும் மறுத்தால் செயலியை மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு எனக்கு அனுமதி இல்லை.' அந்த ஆறு இலக்க எண், ரகசியக் குறியீட்டையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. 2011-இல் வெளியான பொதுத் தர வரையறையின்படி வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுவது. கைபேசிக் கடிகாரம் சில நிமிடங்கள் விலகிவிட்டாலே சர்வர் எதிர்பார்க்கும் எண்ணும் கைபேசி காட்டும் எண்ணும் வேறாகிவிடும். இந்தக் காரணத்தை முழுமையாக அறியாதவர்கூட, 'எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முன் என்ன மாறியது' என்று கேட்டு விடையை எழுதி வைத்திருந்தால், அடுத்து வருபவர் ஒரே நிமிடத்தில் காரணத்தைப் பிடித்துவிடுவார். டீம் லீட் அந்த டிக்கெட்டைத் திறக்கும்போது, சிக்கலைத் தீர்த்தவருடைய பெயரை மட்டுமல்ல, வழியைத் திறந்து வைத்தவருடைய பெயரையும் பார்க்கிறார்.

என்ன அறிகுறி, எப்போதிலிருந்து, என்ன செய்து பார்த்தோம், ஒவ்வொன்றுக்கும் என்ன விளைவு, அடுத்து என்ன செய்யலாம், பயனர் எப்போது கிடைப்பார் ஆகிய ஆறும் குறிப்பில் இருந்தால் போதும். செய்து பார்த்துப் பயன் இல்லாமல் போனவற்றையும் எழுத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தோல்வியை எழுதினால் திறமைக் குறைவாகத் தெரியுமோ என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள், உண்மையில் அந்த வரிகள்தான் அடுத்தவருடைய நேரத்தைக் காப்பாற்றுகின்றன.

ஷிப்ட் முடிவதற்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பதற்காகத் தீராத டிக்கெட்டை மூடிவிடும் பழக்கம் இந்த வேலையைப் பிடித்த நோய். ஓர் அழைப்புக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது என்பதை மட்டுமே அளக்கும் நிறுவனங்கள் இதை வளர்த்துவிடுகின்றன என்பது என் கருத்து. மூடிய டிக்கெட் மறுநாள் மீண்டும் திறக்கப்பட்டால் அதுவும் பதிவாகிறது. பதவி உயர்வு பற்றிப் பேச்சு வரும்போது அந்தப் பதிவையும் பார்க்கிறார்கள்.

இதைவிடக் கவலையான ஒன்று, அழைப்பவர் யார் என்பதைச் சரிபார்ப்பது. 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களுக்கு ஐடி பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தவர்கள், அவர்களுடைய உள்நுழைவு விவரங்களைப் பெற்று 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹோட்டல்களும் சூதாட்ட விடுதிகளும் நடத்தும் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது, ஊழியர் போல நடித்து ஹெல்ப் டெஸ்க்கை அழைத்ததே தொடக்கம் என்று பரவலாகச் செய்தி வெளியானது. தனக்கு ஏற்பட்ட பாதிப்பை ஏறத்தாழ 10 கோடி டாலர் என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது. இத்தகையவர்கள் தேடுவது பகுதி நேரத்தில் புதிதாகச் சேர்ந்தவரைத்தான். அவருக்குச் சக ஊழியர்களின் குரல் பழக்கமில்லை. பக்கத்து இருக்கையில் திரும்பிக் கேட்க யாருமில்லை. மேலதிகாரி என்று சொல்லி ஒருவர் அதட்டினால் மறுக்கத் துணிவு வராது. ஆகவே பாஸ்வேர்டையோ இரண்டாம் படிச் சரிபார்ப்பையோ மாற்றித் தரும் முன், நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே திரும்ப அழையுங்கள். அழைப்பவர் புதிதாகச் சொல்லும் எண்ணுக்கு அழைக்க வேண்டாம். எவ்வளவு அவசரம் என்றாலும், எவ்வளவு பெரிய பதவி என்றாலும் இதில் விலக்கு இல்லை. எந்த வழியில் சரிபார்த்தீர்கள் என்பதை டிக்கெட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். பின்னால் விசாரணை வந்தால் உங்களைக் காப்பது அந்த வரிதான். பயனருடைய திரையைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு முன்பும், சொந்தக் கோப்புகளை மூடிவிடும்படி சொல்லி, ஒவ்வொரு முறையும் சம்மதம் கேளுங்கள். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டதைச் சொல்லுங்கள்.

இனி முன்னேற்றம். ஐடி சேவை மேலாண்மையில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐடிஐஎல் நடைமுறை, இன்சிடென்ட் என்பதையும் பிராப்ளம் என்பதையும் பிரித்துப் பார்க்கிறது. ஒருவருக்கு இன்று ஏற்பட்ட தடங்கல் இன்சிடென்ட். அத்தகைய பல தடங்கல்களுக்கு அடியில் இருக்கும் காரணம் பிராப்ளம். முதல் நிலையில் இருப்பவரிடம் நிறுவனம் எதிர்பார்ப்பது முன்னதை முடிப்பதை மட்டும்தான். பின்னதைக் கண்டுபிடித்துக் காட்டுபவரை அங்கேயே வைத்திருக்க முடியாது. பாஸ்வேர்டை மாற்றிய சில மணி நேரத்தில் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது என்ற புகார் எல்லா ஹெல்ப் டெஸ்க்கிலும் வரும். பணியாளர் பூட்டைத் திறந்துவிடுவார். சற்று நேரத்தில் அதே பயனர் மீண்டும் அழைப்பார். பெரும்பாலும் கைபேசியின் மெயில் செயலியோ வேறொரு சாதனமோ பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு தொடர்ந்து முயன்றுகொண்டிருக்கும். நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் சர்வர் இந்தப் பூட்டலை 4740 என்ற எண்ணுள்ள நிகழ்வாகப் பதிவு செய்கிறது. முயற்சி எந்தக் கணினி வழியாக வந்தது என்ற பெயரும் பெரும்பாலும் அதில் இருக்கும். அந்தப் பதிவைத் திறக்க முதல் நிலைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரண்டாம் நிலையில் உள்ளவரிடம் அதைக் காட்டித் தரும்படி கேட்க அனுமதி தேவையில்லை.

இத்தகைய டிக்கெட்டுகளை ஒரு மாத காலம் சேகரித்து, எத்தனை வந்தன, எத்தனையில் கைபேசி காரணம் என்று கணக்கிட்டு, பாஸ்வேர்ட் மாற்றும் முன் பயனர் செய்ய வேண்டியதை அரைப் பக்கத்தில் எழுதி, தீர்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் குழுவின் அறிவுத் தொகுப்பில் சேர்க்கும்படி டீம் லீடுக்கு அனுப்புங்கள். ஒரு நாளில் சில மணி நேரம் மட்டுமே இருப்பவர் தன் ஷிப்டில் வரும் புகார்களை மட்டும் பார்த்தால் இந்தத் தொடர்பு தெரியாது. மற்றவர்களின் டிக்கெட்டுகளையும் படிக்க வேண்டும். அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தைச் சம்பளத்துடன் ஒதுக்கித் தரும்படி கேட்பதில் தவறில்லை. சம்பளம் இல்லாத நேரத்தில் படித்து முடித்துவிடலாம் என்று தொடங்குபவர்கள், சில மாதங்களில் சலித்து வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடக்க நிலைக்குப் பரவலாக மதிக்கப்படுவது காம்ப்டியா ஏ பிளஸ். இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம், தேர்ச்சி பெற்றால் மூன்று ஆண்டு செல்லுபடியாகும். அந்தப் பாடத்திட்டம் கற்றுத்தரும் கோளாறு கண்டறியும் முறையின் கடைசிப் படி, கண்டறிந்ததையும் செய்ததையும் விளைவையும் ஆவணப்படுத்துவது. படிப்பவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் படியும் அதுவே. சான்றிதழ் நேர்காணல் வரை கொண்டு சேர்க்கும் என்பதால் படிக்கச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு அடுத்த சான்றிதழுக்கு ஓடுவதைவிட, விண்டோஸைக் கட்டளைகளால் இயக்கும் பவர்ஷெல்லில் சிறு சிறு கட்டளைகள், ஐபி முகவரியும் தளப் பெயரை அந்த முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் வேலை செய்யும் விதம், பயனர் கணக்கு மேலாண்மை ஆகிய மூன்றையும் சொந்தக் கணினியில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினி) அமைத்துப் பழகுவதே பயன் தரும். வாடிக்கையாளரின் கணினியில் ஒருபோதும் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பதவி உயர்வைக் கேட்கும் விதத்திலும் தெளிவு வேண்டும். 'எனக்கு வளர்ச்சி வேண்டும்' என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்ற பதில்தான் வரும். 'இரண்டாம் நிலைக்குப் போகும் டிக்கெட்டுகளில் எந்த வகையை, ஒருவரின் மேற்பார்வையில், நான் எடுக்கலாம்?' என்று கேட்டால் டீம் லீட் ஒரு வகையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது, நன்றாக ஒப்படைத்த சில டிக்கெட்டுகளின் எண்களையும், அறிவுத் தொகுப்புக்கு எழுதிய கட்டுரைகளையும், கண்டறிந்த ஒரு தொடர் சிக்கலையும் கையில் வைத்திருங்கள். முழு நேரத்துக்கு மாற முடியாதவர்களுக்கும் வழி உண்டு: அறிவுத் தொகுப்பைப் பராமரிப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி தருவது, டிக்கெட்டுகளின் தரத்தைச் சரிபார்ப்பது ஆகியவற்றைப் பகுதி நேரத்திலும் செய்யலாம். குடும்பப் பொறுப்பாலோ படிப்பாலோ முழு நேரம் இயலாதவர்களை முதல் நிலையிலேயே நிறுத்தி வைப்பது நிறுவனத்துக்குத்தான் இழப்பு என்பதை டீம் லீடுகளாக இருப்பவர்களும் உணர வேண்டும்.

இரண்டு முறை தெளிவாகக் கேட்டும் விடை மழுப்பலாகவே வந்தால் வேறு இடம் தேடுங்கள். போகும்போது டிக்கெட்டுகளின் நகலையோ ஸ்கிரீன்ஷாட்டுகளையோ எடுத்துச் செல்லக் கூடாது. அவற்றில் இருப்பது பயனர்களின் விவரம், அது உங்களுடையது அல்ல. சிக்கலையும் தீர்வையும் பெயர்களின்றி உங்கள் சொற்களில் மட்டும் எழுதிக்கொள்ளலாம். புதிய விண்ணப்பத்தில் 'வாடிக்கையாளர்களுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்கினேன்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'பாஸ்வேர்ட் மாற்றத்துக்குப் பிறகு கணக்கு பூட்டப்படுவதற்கான காரணத்தைக் கண்டறிந்து, பயனருக்கான வழிமுறையை எழுதினேன். குழு அதை ஏற்றுப் பயன்படுத்துகிறது' என்று எழுதுங்கள். நேர்காணலில் முதல் கேள்வி அந்த வரியிலிருந்துதான் வரும்; அதற்கான விடை உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததாகவே இருக்கும்.